தோற்பதற்கு ஒரு படையெடுப்பு

இருபத்திரண்டாவது சுற்றில் தம்பியின் மேல் போர் அறிவித்தேன். நாங்கள் போனில் ஆடுகிற ஆட்டத்தில் அவ்வளவு சீக்கிரம் யாரும் கத்தியை எடுப்பதில்லை. அந்தக் கட்டத்தில் ஆளுக்கு ஒரு ஊரும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வயலும்தான் இருக்கும். படை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் நான்கு வில்லாளிகள், இரண்டு ஈட்டிக்காரர்கள், ஒரு குதிரைக்காரன். இந்தப் பரிவாரத்தைக் கூட்டிக்கொண்டு தம்பியின் தலைநகரை அடிக்கப் போவது, செத்துப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதுதான். அவன் பதினைந்தாவது சுற்றுக்குள் மதில் கட்டி முடித்துவிடுகிற ஆள். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் போனேன். எனக்குத் தோற்க வேண்டியிருந்தது.

ஏன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது, அதாவது மற்றவர்கள் பேசினால். இந்த ஆட்டத்தில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் வீட்டில்தான் இனி அம்மா இருப்பாள் என்று நானும் தம்பியும் முடிவு செய்திருந்தோம். அம்மாவுக்கு இது தெரியாது என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்பா போன பிறகு எட்டு மாதமாக அம்மா என்னோடு இருக்கிறாள். எங்களுடையது இரண்டே அறை. உள்ளே ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும். வெளியே ஹாலில் ஜன்னலோரம் அம்மாவின் கட்டில், எதிரே டிவி. வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். விடியும் முன்பே கிளம்பிவிடுவார், வந்தால் தூங்குவார். அவருக்கு அம்மாவால் ஒரு தொந்தரவும் இல்லை. கொடுத்து வைத்தவர்.

அம்மா கெட்டவளும் இல்லை. அதுதான் பிரச்சினையே. கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பமாகும். மாடிப்படியில் யார் ஏறினார்கள், எதிர்வீட்டில் என்ன உடைந்தது, செய்தியில் எந்த ஊரில் மழை. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று மிச்சத்தைச் சொல்வாள். போனில் யாரிடமாவது பேசினால், அவர்கள் கேட்ட கேள்விக்கு ஹாலிலிருந்து பதில் வரும். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் பின்னறையில் வேலை பார்க்கிறேன். டாக்டர் எழுதிய பவருக்கு வந்த வட்டக் கண்ணாடியில் விழி நடு எங்கே வரும் என்று புள்ளி வைத்து, ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்து, உள்ளே உட்கார வைப்பது என் வேலை. ஒன்பது மணி நேரம் அந்த மிஷின் காதருகே அறுத்துக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வந்தால் ஒரு மணி நேரம் யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் போதும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. ஆனால் பெற்ற தாயிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அம்மா முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுத்தவள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "லைன் கிடைச்சிருக்கு, பேசுங்க" என்று சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றாள். இந்தப் பக்கத்துச் சேதியும் அந்தப் பக்கத்துச் சேதியும் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கும். ஆனால் ஒரு லைனில் கேட்டதை இன்னொரு லைனுக்குக் கடத்தியதே இல்லை என்பதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. இப்போது காது மந்தம். வலது காதில் ஒரு மிஷின் வைத்திருக்கிறாள். மற்றவர்கள் படுக்கும்போது அதைக் கழற்றி வைப்பார்களாம். அம்மா குளிக்கும்போது மட்டும்தான் கழற்றுவாள். தூங்கும்போதுகூட எதையும் தவற விட்டுவிடக் கூடாது.

தம்பி ஐந்து மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறான். லிஃப்ட் மெக்கானிக். அப்பா காரியம் முடிந்த வாரமே, "அம்மா என்கூட வரட்டும்க்கா" என்றான். நான் விடுவேனா? "எதுக்குடா, என்கூடவே இருக்கட்டும்" என்றேன். அவன் விடவில்லை, நானும் விடவில்லை. ஒவ்வொரு மாதமும் இதே பாட்டு. அவன் ஒரு படி மேலே போய், "மூத்தவன் இல்லைன்னாலும், பையன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல" என்றான். நானும் பதிலுக்கு, "பையன் இருந்தா பொண்ணு செத்துட்டாளா" என்றேன். பெரிய பாசமலர்கள்தான் இரண்டு பேரும். கடைசியில் அவன் ஒரு நாள் சலித்துப்போய், "சரிக்கா, ஆட்டத்துல பாத்துக்கலாம். ஜெயிக்கிறவங்க வீட்டுல அம்மா" என்றான். எனக்கு மனசுக்குள் ஒரு கதவு திறந்தது. போனை வைத்த பிறகுதான் எந்தக் கதவு என்று புரிந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது.

தாயை யார் பார்த்துக்கொள்வது என்பதை ஆட்டத்தில் தீர்த்துக்கொள்கிற பிள்ளைகள் உலகத்தில் உண்டா என்று கேட்பீர்கள். எங்களுக்கு வேறு வழி தெரியாது. சின்ன வயதில் அம்மாவுக்குப் பாதி நாள் ராத்திரி ஷிஃப்ட். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்வரை வீட்டில் சத்தம் கூடாது. அது அப்பாவின் சட்டம். பாத்திரத்தைக்கூடத் துணி விரித்துத்தான் வைப்போம். ஆனால் அக்கா தம்பிக்குள் சண்டை வராமல் இருக்குமா? வரும். வாயைத் திறக்க முடியாது, அடித்தால் அழுகைச் சத்தம் வரும். அதனால் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பட்டன்களை வைத்து ஆடுவோம். ஜன்னலோர இடம் யாருக்கு, உடைந்த கண்ணாடிக்கு யார் திட்டு வாங்குவது, எல்லாம் கட்டத்தில் தீரும். தோற்றவர் மறுபேச்சு பேசக் கூடாது. பட்டன் போய் சதுரங்கம் வந்தது, சதுரங்கம் போய் இப்போது போனில் நாடு பிடிக்கிற ஆட்டம். நாற்பது வயதைத் தாண்டியும் நாங்கள் ஒரு விஷயத்தையாவது வாய்விட்டுப் பேசித் தீர்த்ததில்லை.

எப்படித் தோற்பது என்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. சும்மா உட்கார்ந்து தோற்றால் தம்பிக்குப் பிடிபட்டுவிடும். என் ஆட்டத்தின் அங்குலம் அங்குலமாக அவனுக்குத் தெரியும். ஆகவே வீரமாகத் தோற்க வேண்டும். எனக்கு முன்கோபம் என்பது ஊரறிந்த விஷயம். கோபக்காரி அவசரப்பட்டுப் படையெடுத்தாள், மதிலில் முட்டி மண்டையை உடைத்துக்கொண்டாள், காவல் இல்லாத அவள் ஊருக்குள் தம்பி நடந்து வந்து உட்கார்ந்தான். தலைநகர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. யாரும் சந்தேகப்பட முடியாத கதை. ஊரில் ஒரு காவல்காரனைக்கூட விட்டு வைக்காமல் எல்லாரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போர் அறிவிப்பு போனதும் ஆட்டத்துக்குள் இருக்கிற அரட்டைப் பெட்டியில் தம்பி எழுதினான்: "என்னக்கா, இவ்ளோ சீக்கிரம்?"

"பயமா இருந்தா ஊரை விட்டு ஓடிடு" என்று எழுதினேன். எழுதும்போது எனக்கே கொஞ்சம் வீராவேசம் வந்துவிட்டது.

ஒரு நாளைக்கு நான்கைந்து சுற்றுகள் ஆடுவோம். பஸ்ஸில் போகும்போது ஒன்று, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று, அவன் ஏதாவது லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு ஒன்று. இருபத்தைந்தாவது சுற்றில் என் படை காட்டைத் தாண்டியது. இருபத்தேழாவது சுற்றில் மேட்டின் மேல் ஏறி நின்றது. அங்கிருந்து பார்த்தால் அவன் தலைநகர் முழுதாகத் தெரியும்.

மதில் இல்லை.

முதலில் ஏதோ தந்திரம் என்றுதான் நினைத்தேன். இந்த இடத்தில் ஒரு சுற்று சும்மா நின்றேன். அவன் மதில் கட்ட ஆரம்பிப்பான் என்று பார்த்தால், ஒரு பழத்தோட்டம் போட்டான். இன்னொரு சுற்று நின்றேன். ஊருக்குள் இருந்த ஒரே ஈட்டிக்காரனை மீன் பிடிக்கிற கரைக்கு அனுப்பினான். எதிரி வாசலில் நிற்கும்போது காவல்காரனைக் காற்று வாங்க அனுப்புகிற ராஜாவை நான் அன்றுதான் பார்த்தேன்.

"என்னக்கா நிக்கிற, அடி" என்று எழுதினான்.

"உனக்கென்ன அவசரம்" என்று எழுதினேன்.

எனக்குக் குழப்பமாகிவிட்டது. அன்று கடையில் ஒரு வாத்தியாரின் கண்ணாடியில் வலதை இடதிலும் இடதை வலதிலும் மாட்டிவிட்டேன். அவர் போட்டுப் பார்த்து, தரை சாய்ந்து தெரிகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பதினாறு வருஷ வேலையில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை. முதலாளி கண்ணாடியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைப் பிரித்தேன்.

மறுநாள் என் படையைப் பின்வாங்க வைத்தேன். மேட்டிலிருந்து இறக்கி, காட்டு ஓரத்தில் பரத்தி நிறுத்தினேன், வந்து அடித்துக்கொள் என்பதுபோல. அவன் அடிக்கவில்லை. குதிரைக்காரனைத் தனியாக அவன் கரைப் பக்கம் விட்டுப் பார்த்தேன். மீன் கரை ஈட்டிக்காரன் நகர்ந்து வழி விட்டான். என் ஊர் திறந்து கிடக்கிறது என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை, அவனுடைய ஒற்றன் நான்கு சுற்றுகளாக என் வயல் நடுவே நிற்கிறான். உள்ளே இரண்டடி வைத்தால் போதும், ஆட்டம் அவனுடையது. அவன் வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருந்தார். அம்மா ஹாலில் டிவியை அலற விட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் உள் அறையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தி ஒன்றாவது சுற்று. அவன் மிச்சப் படையை எங்கே வைத்திருக்கிறான் என்று வரைபடத்தைத் தள்ளித் தள்ளித் தேடினேன். வடக்குக் கடலில் ஒரு படகு. அதற்குள் அவனுடைய வில்லாளிகள் எல்லாரும். அந்தப் பக்கம் தீவுகூடக் கிடையாது. வெறும் தண்ணீர். என் படை அவன் வாசலில் நின்ற நாளிலிருந்து அந்தப் படகு வடக்கே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரம் பிடித்ததே என் மடத்தனம். அவனும் என்னைப் போலவே தோற்கப் பார்க்கிறான்.

எனக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம் இல்லை, நான் ஒத்துக்கொள்கிறேன். நான் செய்தால் என் கஷ்டம், அவன் செய்தால் துரோகம். "பையன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல" என்றவன், தாயை வேண்டாம் என்று கப்பலேற்றுகிறான். உரித்த பூண்டைத் தட்டில் போடும் சத்தம் டிவியை மீறி ஹாலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவளுக்காக எனக்கு நெஞ்சு எரிந்தது. எட்டு மாதத்தில் அவள் பக்கம் நின்று நான் கோபப்பட்டது அந்த ஒரு நிமிஷம்தான். உனக்கு வேண்டாம் என்றால் எனக்கு வேண்டும்டா, போ. குதிரைக்காரனைத் தொட்டேன். அவன் தலைநகரைத் தொட்டேன்.

குதிரை உள்ளே போய்விட்டது. தடுக்க ஆளே இல்லை. போன் முழுக்கப் பொன்னிறமாகி, வெற்றி என்று எழுத்து வந்து, எக்காளம் முழங்கியது. சத்தத்தைக் குறைத்து வைக்க மறந்திருந்தேன்.

ஹாலில் டிவி நின்றது.

"என்ன, ஜெயிச்சிட்டியா?" என்றாள் அம்மா.

போனை மடியில் கவிழ்த்தேன். அவள் எழுந்து வந்து அறை வாசலில் நின்றாள். கையில் பூண்டுத் தோல் ஒட்டியிருந்தது.

"அப்ப நான் இங்கதான்" என்றாள்.

என்னால் தலை நிமிர முடியவில்லை. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ போன்ல பேசினதும், 'வந்து அடிடா'ன்னு ஆட்டத்தப் பாத்து முணுமுணுத்ததும் எனக்குக் கேக்காதா? அவன் தினம் எனக்குப் போன் பண்றான். அவனும் பேச்சு நடுவுல 'அடிச்சு முடிக்கா'ன்னு முணுமுணுப்பான். சின்னதுல நீங்க பட்டன் வச்சு ஆடினதும் தெரியும். பகல்ல எனக்கு எங்க தூக்கம் வந்துச்சு? கண்ண மூடிட்டுப் படுத்திருப்பேன். சாக்பீஸ் கோடு இழுக்கிற சத்தம் கேக்கும். எதுக்குச் சண்டைன்னு மட்டும் தெரியாது. நீங்கதான் பேசவே மாட்டீங்களே."

கொஞ்ச நேரம் கையிலிருந்த தோலை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தாள்.

"அப்பல்லாம் ரெண்டு பேரும் ஜெயிக்கப் பாப்பீங்க. இந்தத் தடவை ரெண்டு பேரும் தோக்கப் பாத்தீங்க" என்றாள். குரலில் அழுகை இல்லை. செய்தியில் எந்த ஊரில் மழை என்று சொல்கிற அதே குரல்.

"அம்மா, அப்படி இல்ல."

"அப்படித்தான். உன்கிட்ட கேட்டத அவன்கிட்ட சொல்லல. அவன்கிட்ட கேட்டத உன்கிட்ட சொல்லல. அது என் வேலை இல்ல. அவனுக்குப் போன் போடு."

போட்டேன். மணி ஒரு முறை முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். அவனும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி, வாயருகே வைத்துக்கொண்டாள்.

"லைன் கிடைச்சிருக்கு. பேசுங்க" என்றாள்.

போனைக் கட்டிலின் மேல் வைத்தாள். பிறகு வலது காதிலிருந்து மிஷினைக் கழற்றினாள். எதையும் தவற விடக்கூடாது என்று தூக்கத்தில்கூட வைத்திருக்கிற மிஷின். அதைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போனாள். கதவை அவள் சாத்தவில்லை. சாத்த வேண்டிய அவசியம் இல்லை.

"அக்கா, அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றான் தம்பி.

"இருக்கா. ஆனா கேக்காது."

ஆட்டமாக இருந்தால் இப்போது யாருடைய முறை என்று திரையில் காட்டும். கடைசியில் மூத்தவள் என்பதால் நான்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு முடியலடா" என்றேன். "அம்மா மேல ஒரு தப்பும் இல்ல. வீட்டுக்கு வந்தா ஒரு மணி நேரம் சத்தமில்லாம இருக்கணும் போல இருக்கு. அவ்ளோதான். அதுக்காகத் தாயைத் தள்ளி விடப் பாத்தேன்."

"நானும் என் பொண்டாட்டியும் வேலைக்குப் போயிட்டா அம்மா பகலெல்லாம் பதினோராவது மாடியில தனியா இருக்கணும்க்கா" என்றான். பிறகு, "அது சும்மா சொல்றது. அது காரணம் இல்ல. எனக்கும் நீ சொன்னதுதான். வீட்டுக்குள்ள வந்தா யார்கூடவும் பேச வராது எனக்கு. அவளே இதுக்குத் தினம் சண்டை போடுறா. அம்மா வந்து பேசப் பேச நான் சும்மா உக்காந்திருப்பேன், அவங்க மனசு உடஞ்சிரும்னு பயமா இருந்துச்சு" என்றான்.

நான் யோசித்தேன். ஒரு தாய் பகலெல்லாம் தூங்குகிறாள் என்று மூச்சுக்கூட விடாமல் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சத்தமில்லாத வீடுதான் எங்களுக்கு வீடு. அவளோ ராத்திரி முழுக்க ஊரார் குரலை இணைத்து விட்டு, பகலில் கண்ணை மூடிக்கொண்டு, சொந்தப் பிள்ளைகளின் குரல் எப்போது கேட்கும் என்று படுத்துக் கிடந்திருக்கிறாள். அப்போது நாங்கள் பேசவில்லை. எட்டு மாதமாக அவள் வாசலில் நின்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தது அந்தப் பாக்கியைத்தான். இது எனக்குத் தெரிந்திருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டித்தான் இருந்திருக்கும். இரண்டும் உண்மை. எதைக் கொண்டுபோய் எதன் மேல் வைப்பது என்று தெரியவில்லை.

நாற்பது நிமிஷம் பேசினோம். இடையில் ஒரு முறை இரண்டு பேரும் அழுதோம், ஒரு முறை அந்தப் படகை நினைத்துச் சிரித்தோம். "அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லக்கா, அஞ்சு சுற்றா வெறும் தண்ணி" என்றான். முடிவு என்று ஒன்றுக்கும் வரவில்லை. ஆனால் "இரு, வைக்காத, அம்மாகிட்ட கேக்கலாம்" என்று சொன்னது அவன்தான்.

போனை ஒரு கையிலும் மிஷினை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. அவள் காது கேட்காமல் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. இவ்வளவு சின்ன உருவமா என்று தோன்றியது. தோளைத் தொட்டேன். மிஷினை நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்து, வாங்கிக் காதில் வைத்தாள். கீ என்று ஒரு சின்ன விசில் வந்து அடங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"அம்மா, உனக்கு எங்க இருக்கணும்?" என்று கேட்டேன். "அவனும் லைன்ல இருக்கான்."

அம்மா என்னையும் போனையும் பார்த்தாள்.

"அத அப்புறம் சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. டிவி சத்தம் அதிகமா இருக்கா?"

வழக்கம்போல 'இல்லை' என்பது வாய்வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப."

"சரி" என்றாள் அம்மா. சுவரோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போனை வாங்கி எங்கள் நடுவில் மேஜையின் மேல் வைத்தாள். "அடுத்தது சொல்லு."